பட்டறைப் பதில்கள்: பெல்லட் கிரில்லில் ஃப்யூஸ் நிற்கவில்லையா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்த கேள்விகளில் இந்த முறை பெல்லட் கிரில் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகளை எரித்துக் கோழியும் மீனும் சுடுகிற இயந்திரம் இது. உள்ளே இருக்கும் மின் வேலை சிறியதுதான்: பெல்லட்டை நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும் ஆகர் என்ற திருகுத் தண்டு, அதைச் சுற்றும் மோட்டார், காற்று ஊதும் ஃபேன், பற்றவைக்கும் இக்னைட்டர், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர். இவற்றில் எது ஷார்ட் ஆனாலும் உயிரை விடுவது கன்ட்ரோலரின் முதுகில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஃப்யூஸ். அதை மாற்ற இரண்டு நிமிடம் போதும். அது ஏன் போயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எல்லாப் பதில்களுக்கும் பொதுவாக ஒன்று: ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்ட பிறகே திருகைத் தொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மைத்துனர் அனுப்பிய பெல்லட் கிரில். பின் மாற்றும் அடாப்டர் போட்டு 16 ஆம்பியர் ப்ளக்கில் செருகினேன். திரை ஒரு நொடி எரிந்து அணைந்துவிட்டது. ஃப்யூஸ் மாற்றினேன், அதுவும் உடனே போய்விட்டது. "செப்புக் கம்பி கட்டிடலாம் சார், நிக்கும்" என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். கட்டலாமா?
– வாசகர், காட்பாடி

கட்டவே கூடாது. மூன்றாவது ஃப்யூஸும் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் கிரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நீங்கள் வாங்கிய அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டேஜைத் தொடாது. பின்பக்க ஸ்டிக்கரில் 120 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உடனே ஃப்யூஸ் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இக்னைட்டர் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 வோல்ட்டில் 200 வாட் இழுக்கும் இக்னைட்டரின் தடை 72 ஓம். 230 வோல்ட் கொடுத்தால் அது 3.2 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் ஃப்யூஸ் அதற்குப் போகாது. ஆனால் 200 வாட் கம்பி 735 வாட் சூட்டில் வேகும், கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும். செருகிய நொடியில் ஃப்யூஸைப் போக்கியது போர்டில் ஃப்யூஸுக்குப் பக்கத்தில் நிற்கும் வேரிஸ்டர். வட்டத் தகடு மாதிரி, நீலத்திலோ மஞ்சளிலோ இரண்டு காலோடு இருக்கும். வோல்ட்டேஜ் அளவு மீறினால் தானே ஷார்ட் ஆகி, ஃப்யூஸைப் போக்கி, பின்னால் இருக்கிற பாகங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை. 120 வோல்ட் போர்டில் இருப்பது 130 அல்லது 150 வோல்ட்டுக்கானது. 230 வந்ததும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அது ஷார்ட்டாக நிற்கும்வரை எத்தனை ஃப்யூஸ் போட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கன்ட்ரோலரைக் கழற்றி வேரிஸ்டரைப் பாருங்கள். வெடித்திருந்தால், கரி பிடித்திருந்தால், ஓம் அளக்கும் மல்டிமீட்டரில் அதன் இரு கால்களுக்கு நடுவே சில ஓம் மட்டும் காட்டினால், டிவி ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து அதே எண்ணுள்ளதை மாற்றச் சொல்லுங்கள். மேலே 201 என்றிருந்தால் 130 வோல்ட், 241 என்றிருந்தால் 150 வோல்ட். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். இக்னைட்டரின் தடையையும் அளந்து பாருங்கள்: 200 வாட்டுக்கு 72 ஓம், 300 வாட்டுக்கு 48 ஓம், இதை ஒட்டி இருக்க வேண்டும். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

அதன் பிறகு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இதை ஓட்டக் கூடாது. கிரில் மொத்தமாக இழுப்பது 300 வாட் அளவுதான்; ஆனாலும் 1000 வி.ஏ. வாங்குங்கள், மணிக்கணக்கில் ஓடினாலும் சூடேறாது. வெளியே வரும் பக்கம் மூன்று துளை சாக்கெட்டாக, எர்த் தொடர்ச்சியோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு துளை மட்டும் உள்ள பெட்டிகளும் விற்கிறார்கள். இரும்பு உடம்புள்ள இயந்திரத்துக்கு அது ஆகாது. இன்னொன்று: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. ஆகர் மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். பெல்லட் கொஞ்சம் குறைவாக விழும். நீங்கள் வைத்த சூடு வர நேரமாகும். மோட்டாரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடாகும், அந்தப் பெட்டிக்குள் காற்றோட்டத்தை அடைக்காதீர்கள்.

செப்புக் கம்பி ஏன் கூடாது என்றால், 0.2 மி.மீ. தடிமனுள்ள ஒற்றை இழை உருக 7 ஆம்பியர் வேண்டும். யாரும் ஒற்றை இழையோடு நிறுத்துவதில்லை; இரண்டாக, மூன்றாக முறுக்குவார்கள். அந்தக் கம்பி உருகுவதற்குள் போர்டில் உள்ள மெல்லிய செப்புத் தடம் எரிந்துவிடும். பெட்டிக்கு மறுபக்கம் மரத்தூள் குவிந்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கிரில் கடை வைத்திருக்கிறேன். 230 வோல்ட் இயந்திரம்தான். ஸ்விட்ச் போட்டால் ஃபேன் ஓடுகிறது, பெல்லட் விழுகிறது, மூன்று நான்கு நிமிடத்தில் ஃப்யூஸ் போய்விடுகிறது. ஒரு பெட்டி ஃப்யூஸ் வாங்கி வைத்து மாற்றிக்கொண்டே இருக்கிறோம். சாயங்கால வியாபாரம் கெடுகிறது.
– வாசகர், குடியாத்தம்

"மூன்று நான்கு நிமிடத்தில்" என்று எழுதினீர்களே, அதில்தான் பாதி விடை இருக்கிறது. ஃப்யூஸ் எப்போது போகிறது என்பதே முதல் துப்பு. ப்ளக்கைச் செருகியதும் போனால் கன்ட்ரோலர் போர்டு. ஸ்விட்ச் போட்டதும் போனால் எங்கோ ஒயர் நசுங்கியிருக்கிறது, அல்லது இக்னைட்டர் முழு ஷார்ட். ஒரு மணி நேரம் ஓடிவிட்டுப் போனால் சூடான தகட்டில் ஒயர் பட்டு உருகியிருக்கும், அல்லது மோட்டார் காயில் சூட்டில் கெட்டுவருகிறது. இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் போனால் பத்தில் ஒன்பது முறை இக்னைட்டர்தான். அது வேலை செய்வதே தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான், பல இயந்திரங்களில் 4 முதல் 7 நிமிடம். குளிரில் நன்றாக இருக்கும் கம்பி, சிவக்கச் சூடானதும் உள்ளே கசிந்து உறையில் தொட்டுவிடுகிறது.

போன ஃப்யூஸை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்து அல்லது வெள்ளிப் பூச்சுப் பிடித்திருந்தால் அது ஷார்ட். கம்பி ஆவியாகிப் போயிருக்கிறது. கண்ணாடி தெளிவாக, நடுவில் கம்பி மட்டும் அறுந்து நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் இழுத்து உருகியது. முனைத் தொப்பி பழுப்பு நிறமாகி இருந்தால் ஃப்யூஸ் பிடிக்கும் கிளிப் தளர்ந்து, அந்தத் தொடுமுனைச் சூட்டில் போயிருக்கிறது; கிளிப்பை இறுக்கினாலே சரியாகிவிடும். எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று கண்ணை நம்பி விட்டுவிடாதீர்கள். தொப்பிக்குள்ளேயும் அறும். மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இனி வேலை. ஹாப்பர் (பெல்லட் கொட்டும் தொட்டி) பக்கம் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது நான்கு திருகைக் கழற்றி மெல்ல வெளியே இழுங்கள். பின்னால் ஆகர், ஃபேன், இக்னைட்டர் மூன்றுக்கும் தனித்தனி இணைப்பு இருக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே பிரிப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம். இக்னைட்டர் இணைப்பைப் பிரித்து அதன் இரண்டு முனைகளையும் ஓம் அளவில் வையுங்கள். 230 வோல்ட் 200 வாட் என்றால் 264 ஓம், 250 வாட் என்றால் 212, 300 வாட் என்றால் 176. பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். பாதிக்கும் கீழே காட்டினால் உள்ளே சுருள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. அடுத்து மீட்டரின் ஒரு முள்ளை அந்த முனைகளில் ஒன்றிலும் மற்றதை இக்னைட்டர் கம்பியின் இரும்பு உறையிலும் வையுங்கள். மீட்டர் அசையக் கூடாது. அசைந்தால் முடிந்தது, புதிது வாங்க வேண்டியதுதான்.

அசையவில்லை என்றாலும் விட்டுவிட முடியாது. உங்கள் நோய் சூட்டில் வருகிற நோய். மீட்டரின் 9 வோல்ட் பேட்டரிக்கு அது தெரியாது. மோட்டார் காயில் கட்டும் வைண்டிங் கடைக்கு எடுத்துப் போய் 500 வோல்ட் மெக்கரில் (அதிக வோல்ட்டேஜ் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மீட்டர்) போடச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தக் கம்பியை நம்பாதீர்கள்.

நிச்சயப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. இக்னைட்டரைக் கழற்றிவிட்டு அந்த இணைப்பில் 40 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றி, அப்புறம் ப்ளக்கைச் செருகி ஓடவிடுங்கள். பல்பு எரிந்து, ஃபேனும் ஆகரும் ஓடி, பதினைந்து நிமிடம் ஃப்யூஸ் நின்றுவிட்டால் குற்றவாளி இக்னைட்டர்தான். பற்றவைக்கும் நேரம் முடிந்ததும் பல்பு அணைகிறதா என்றும் பாருங்கள். அணையாவிட்டால் இக்னைட்டருக்குக் கரண்ட்டைப் போட்டு அணைக்கும் ரிலே போர்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் நீங்கள் போடும் புது இக்னைட்டரும் இரவெல்லாம் எரிந்து ஒரு வாரத்தில் போகும். இதை மீட்டரில் பார்க்க வேண்டாம். ரிலேக்குப் பதில் ட்ரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச் உள்ள போர்டுகள் சுமை இல்லாதபோது அணைந்திருந்தாலும் 230 காட்டி ஏமாற்றும். சோதனை முடிந்ததும் கிண்ணத்தில் விழுந்து கிடக்கும் பெல்லட்டை மறக்காமல் அள்ளிவிடுங்கள்.

புது இக்னைட்டர் வாங்கும்போது வோல்ட், வாட், நீளம், விட்டம் நான்கும் சேர வேண்டும். பழையதை வெர்னியரில் அளந்து எடுத்துப் போங்கள், 9.5 மி.மீ. விட்டம் அதிகம் புழங்கும் அளவு. மாட்டும்போது கிண்ணத்துக்குள் முனை சுமார் 12 மி.மீ. நீட்டி நிற்கட்டும். அதிகம் நீட்டினால் நெருப்பிலேயே வெந்து போகும். உள்ளே இழுத்துவிட்டால் பெல்லட் பற்றாது. பிடிக்கும் சின்னத் திருகு துருவில் இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திருகுங்கள், முரட்டுத்தனமாகத் திருகினால் தலை தேய்ந்துவிடும்.

ஏன் போயிற்று என்பதும் தெரிய வேண்டும். இக்னைட்டருக்குள் நிக்ரோம் சுருள். சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு தூள். மேலே ஸ்டீல் உறை. சாம்பல் கிண்ணத்தில் ஏறி முனையை மூடிவிட்டால் சூடு வெளியே போகாது, சுருள் தன் சூட்டிலேயே வேகும். வீட்டில் நான்கைந்து முறை சுட்டபின் கிண்ணத்தைச் சுத்தம் செய்தால் போதும். கடையில் தினமும் காலையில் செய்ய வேண்டும். சாம்பல் முழுக்க ஆறியிருக்க வேண்டும். உள்ளே கங்கு இருக்கும்போது வேக்குவம் கிளீனரை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்திலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: கடையில் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் பாதுகாப்பு ஸ்விட்ச்) இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை. உறையில் கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. ஃப்யூஸுக்கு முன்னாலேயே விழுந்திருக்கும். எர்த் மட்டும் இருந்ததால் ஃப்யூஸ் போகிறது. அந்த எர்த்தும் இல்லாமல் போனால் ஃப்யூஸ் போகாது, கிரில்லின் உடம்பில் கரண்ட் நிற்கும், கையில் இடுக்கியோடு நிற்கும் பையன் ஷாக் வாங்குவான். இக்னைட்டர் மாற்றுவதற்கு முன்னாலேயே அதைச் சரிசெய்யுங்கள்.

கடையில் ஃப்யூஸ் கேட்டால் "எது வேணும், எஃப்பா டியா?" என்கிறார்கள். எதை வாங்குவது? 5 ஆம்பியர் இல்லை, 10 தரட்டுமா என்றும் கேட்டார்கள்.
– வாசகி, வாணியம்பாடி

10 வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

தொப்பியில் பொடி எழுத்தில் எஃப் 5 ஏ எல் 250 வி என்பது போல இருக்கும். எஃப் என்றால் உடனே போவது. டி என்றால் கொஞ்ச நேரம் தாங்கிப் போவது. எல் என்றால் சாதாரணக் கண்ணாடி ஃப்யூஸ், எச் என்றால் உள்ளே மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸ். பெரிய ஷார்ட் வந்தாலும் வெடிக்காமல் 1500 ஆம்பியர் வரை அறுத்துவிடும். கண்ணாடி ஃப்யூஸ் தாங்குவது 35 ஆம்பியர் அல்லது தன் அளவின் பத்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. எல் போட்ட இடத்தில் எச் போடலாம், தப்பில்லை. எச் இருந்த இடத்தில் எல் போடக் கூடாது. எஃப் இருந்த இடத்தில் டி போட்டால் ஃப்யூஸ் யோசித்துப் போவதற்குள் போர்டில் ட்ரையாக் போய்விடும்.

பெல்லட் கிரில்களில் அதிகம் இருப்பது 5 ஆம்பியர் எஃப், 5 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம். உங்கள் போர்டில் ஃப்யூஸுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணே முடிவு. அந்த அளவு கிடைக்காத நாளில் ஒரு படி குறைத்து 4 ஆம்பியர் போட்டு ஓட்டலாம். 230 வோல்ட் கிரில் இழுப்பது 1.5 ஆம்பியர் சுற்றித்தான். 6 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளமுள்ள ஃப்யூஸும் கடையில் இருக்கும், அது பிடியில் உட்காராது. கார் ஃப்யூஸ் 32 வோல்ட்டுக்கானது, இந்தப் பக்கமே வேண்டாம். ஐந்தாறு சேர்த்து வாங்கி, கிரில்லிலேயே கட்டித் தொங்கவிடாமல் வீட்டுக்குள் வையுங்கள். பிசுபிசுப்பும் ஈரமும் தொப்பியைக் கெடுக்கும்.

சென்ற மாதம் தெருவில் நியூட்ரல் கட் ஆகி எல்லா வீட்டிலும் பல்பு பளீரென்று எரிந்தது. அன்றிலிருந்து எங்கள் கிரில் செத்துக் கிடக்கிறது. புது ஃப்யூஸ் போட்டால் டப் என்று போகிறது. போர்டையே மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், சத்துவாச்சாரி

மாற்றுவதற்கு முன் ஒரு முயற்சி செய்யலாம். நியூட்ரல் அறுந்தால் இரண்டு ஃபேஸுக்கு நடுவே வீடுகள் வரிசையாக மாட்டிக்கொள்ளும். நடுவே இருப்பது 400 வோல்ட். குறைவாக இழுக்கும் வீட்டுக்கு அதில் பெரும் பங்கு வந்துவிடும். காட்பாடி வாசகருக்குச் சொன்ன அதே வேரிஸ்டர் உங்கள் போர்டிலும் ஷார்ட் ஆகியிருக்கும். உங்களுடையது 275 வோல்ட்டுக்கானது. மேலே 431 என்ற எண் இருக்கும், 10டி431 அல்லது 14டி431.

செத்த வேரிஸ்டரைக் கழற்றிவிட்டு, கரியைத் துடைத்து, ஃப்யூஸ் போட்டு, 100 வாட் குண்டு பல்பை சீரீஸில், அதாவது கிரில்லுக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி வைத்துக் கரண்ட் கொடுங்கள். மூன்று இணைப்புகளும் கழன்றே இருக்கட்டும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால், கிரில் திரையும் எரிந்தால் போர்டு பிழைத்தது. புது வேரிஸ்டர் வைத்து மூடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. பவர் சப்ளைப் பகுதி போயிருக்கிறது. அதற்குச் செலவு செய்வதைவிடப் புது கன்ட்ரோலர் மேல். சீரீஸ் பல்பில் இருக்கும்போது இக்னைட்டரை மாட்டிப் பார்க்க வேண்டாம். 264 ஓம் கம்பி நல்லதாக இருந்தாலும் பல்பு பிரகாசமாகத்தான் எரியும், ஏமாந்துவிடுவீர்கள்.

வேரிஸ்டர் இல்லாமலேயே ஓடுகிறது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த நியூட்ரல் கட்டில் அவர்களுக்கு மிச்சமிருப்பதும் போகும்.

மழை நாளில் கிரில்லைப் போட்டால் ஃப்யூஸ் போவதில்லை, வீட்டு ஈ.எல்.சி.பி. விழுகிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது. என்ன கோளாறு?
– வாசகி, ஆற்காடு

இக்னைட்டருக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் உறை போடாமல் நின்றால் ஒயர் வரும் பக்கத்துச் சீல் வழியாக ஈரம் இறங்கிக் கசிகிறது. கசிவு சிறியது, ஃப்யூஸுக்குத் தெரியாது, ஈ.எல்.சி.பி.க்குத் தெரிகிறது. அதை பைபாஸ் செய்ய யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கம்பியைக் கழற்றி ஓ.டி.ஜி. அடுப்பில் 110 டிகிரியில் மூன்று மணி நேரம் வையுங்கள். ஒயரும் ப்ளாஸ்டிக் இணைப்பும் வெளியே இருக்கும்படி வைக்க முடிந்தால் மட்டும். முடியாவிட்டால் இன்னொரு வழி: இக்னைட்டர் இணைப்பைப் பிரித்துவிட்டுக் கையால் பற்றவையுங்கள். கிரில் கம்பி, எண்ணெய்த் தட்டு, வெப்பத் தடுப்புத் தகடு மூன்றையும் எடுத்துவிட்டு, கிண்ணத்தில் ஒரு கைப்பிடி பெல்லட் போட்டு, மெழுகுக் கட்டித் துண்டோ காய்ந்த தேங்காய் நாரோ வைத்துக் கொளுத்துங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் நன்றாகப் பற்றியதும் கையுறை போட்டுத் தகடுகளைத் திருப்பி வைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். ஃபேனும் ஆகரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்த நெருப்பே இக்னைட்டரையும் உலர்த்தும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது. கற்பூரமும் வேண்டாம், கரும்புகை கறியில் ஏறும். விருந்து நாளில் இக்னைட்டர் செத்துவிட்டாலும் இதே வழிதான்.

உலர்த்திய பிறகும் அடுத்த மழையில் திரும்ப விழுந்தால் சீல் போயிற்று, கம்பியை மாற்றுங்கள்.

பெல்லட் ஊறிப்போய் ஆகர் சிக்கிக்கொண்டது. அதனால்தான் ஃப்யூஸ் போயிற்றா? இங்கே கடலைத் தோல் பெல்லட் மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

சிக்கியதால் மட்டும் உடனே போகாது. இந்தச் சின்ன மோட்டார்கள் நின்றுவிட்டாலும் கொஞ்சம்தான் கூடுதலாக இழுக்கும். பல இயந்திரங்களில் அதற்கு முன்பே தண்டில் இருக்கும் சின்ன முள் ஆணி உடைந்துவிடும். ஆனால் சிக்கியதைக் கவனிக்காமல் மணிக்கணக்கில் விட்டால் காயில் சூடேறி, எனாமல் கருகி, ஷார்ட் ஆகி, அப்போது போகும். மோட்டாரை முகர்ந்தாலே தெரியும். ஆகரை வெளியே எடுத்து, குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிய தூளை மரக்கட்டையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் இன்னும் ஊறும். மோட்டாரைத் தனியாக ஓடவிட்டு, சத்தமில்லாமல் சுற்றினால் திரும்ப மாட்டலாம்.

கடலைத் தோல் பெல்லட் பாய்லருக்கு நல்லது, கிரில்லுக்கு இல்லை. சாம்பல் அதிகம், உருகிக் கட்டியாகி இக்னைட்டரை மூடும். பாய்லர் பெல்லட்டில் 8 மி.மீ. தடிமன் சகஜம், கிரில் ஆகருக்கு 6 மி.மீ.தான் ஒத்துவரும். ப்ளைவுட் தூள் கலந்ததா என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் பசையின் புகை சாப்பாட்டில் படக் கூடாது. சமையலுக்கென்று விற்கும் கட்டை மரப் பெல்லட்டை வாங்குங்கள், மழைக்காலத்தில் ஹாப்பரில் மிச்சம் வைக்காதீர்கள்.

ஹாப்பருக்கு அடியில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. டேப் சுற்றினேன், இரண்டே நாளில் ஃப்யூஸ் போயிற்று.
– வாசகர், ராணிப்பேட்டை

அந்த இடத்தில் டேப் சூட்டில் இளகி வழிந்துவிடும். சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரிக்குத்தான். கடித்த நீளத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, 180 டிகிரி தாங்கும் சிலிக்கான் ஒயர் போட்டு, நெருப்புக் கிண்ணத்தை ஒட்டிப் போகும் இடத்தில் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் ஏற்றுங்கள். இரண்டும் வைண்டிங் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இணைப்பை முறுக்கிவிடாமல் க்ரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழலில் வைத்து அழுத்தி இறுக்குவது). எலி வருவது எண்ணெய் வாசத்துக்கு. எண்ணெய் வாளியை அன்றன்றே காலி செய்து, அடித்தகட்டுத் துளைகளைக் கம்பி வலையால் அடையுங்கள்.

மெஸ்ஸில் பெல்லட் அடுப்பு வைத்திருக்கிறோம். ப்ளோயருக்கு 12 வோல்ட் அடாப்டர், நடுவே ஒரு ஃப்யூஸ். வாரம் ஒரு முறை அது போகிறது. மேலே சொன்ன கண்ணாடி ஃப்யூஸ்தான் போட வேண்டுமா?
– வாசகர், ஆம்பூர்

உங்களுடையது 12 வோல்ட் டி.சி., ஆகவே கார் ஃப்யூஸே போடலாம். ஏற்கெனவே இருந்த ஆம்பியர் அளவிலேயே. வாரா வாரம் போவது ப்ளோயர் இறுகுவதால். கரண்ட்டைத் துண்டித்துவிட்டு இறக்கையை விரலால் சுண்டுங்கள். நான்கைந்து சுற்று தானே சுற்றி நிற்க வேண்டும். உடனே நின்றால் பேரிங்கில் சாம்பல் ஏறிவிட்டது. இறக்கையில் ஒட்டிய சாம்பலைப் பிரஷால் எடுங்கள், பேரிங் கரகரத்தால் ப்ளோயரை மாற்றுங்கள். புதிதை மாட்டும்போது சிவப்பு, கறுப்பு மாறக் கூடாது. அடுப்பை அணைத்ததும் ப்ளோயரை உடனே நிறுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கங்கு ஆறும்வரை பத்து நிமிடம் மெதுவாக ஓடட்டும். இல்லாவிட்டால் கீழிருந்து ஏறும் சூடு பேரிங் கிரீஸை உருக்கிவிடும்.